அரைச் சுற்றும் இரண்டு அங்குலமும்

1930 ஆகஸ்டு 4, திங்கள்

ஏழாம் நிரை வரைக்கும் ரப்பர் பால்மரங்களுக்குக் கோடு போட்டாயிற்று. மரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து, அதை இரண்டாய் மடித்து, முன்னும் பின்னும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு நேர்க்கோடு. அவற்றின் நடுவே தகரத்தை வளைத்து வைத்து, கத்தி இறங்க வேண்டிய சாய்வுக் கோடு. அரைச் சுற்றுக்கு மேல் கத்தி போகக்கூடாது என்பது தோட்டத்துத் துரையின் உத்தரவு. தோள்பட்டை வலிக்கிறது.

5, செவ்வாய்

ராஜம்மா வெட்டும் மரத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதும் லியோனார்ட் கிராணி டேப்பை வைத்து அளந்தார். சுற்று இருபத்து நாலு அங்குலம். வெட்டு பதினாலு.

"பாதின்னா பன்னெண்டுதானே? ரெண்டு அங்குலம் கூட வெட்டியிருக்கே. பாலு கூட வேணும்னு மரத்தைக் கொல்றியா?"

அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். அவள் என்னைக் காட்டி, "செபஸ்தியண்ணே போட்ட கோட்டு மேலதாங்க வெட்டுனேன்" என்றாள். கிராணி என்னைப் பார்த்தார். நான் — வாயைத் திறக்கவில்லை. கோடுதான் தப்போ என்று பயம்.

அவளைப் புல் வெட்ட அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை துரை வந்ததும் பேரை வெட்டி வேலையை விட்டு அனுப்புவார்களாம். ரப்பர் விலை விழுந்த இந்த வருஷம் பேர் வெட்டினால் கடல் தாண்டி ஊருக்குக் கப்பல்தான். புருஷன் செத்தவள், இரண்டு பிள்ளைகள். அங்கே இறங்கி யார் வீட்டுக்குப் போவாள்?

6

விடிந்ததும் அதே மரத்துக்குப் போனேன். நேர்க்கோட்டிலிருந்து நேர்க்கோட்டுக்குக் கயிற்றைப் படுக்கையாய்ப் பிடித்தால் சரியாய்ப் பன்னிரண்டு. வெட்டின் மேலேயே சாய்த்துப் பிடித்தால் பதினாலு.

அட முட்டாள் கிராணி! சரிந்து இறங்குகிற கோடு நீளமாகத்தானே இருக்கும்? மரம் பாதிதான் சுற்றப்பட்டிருக்கிறது. இது கூடவா தெரியாது?

எனக்கு நேற்றே ஏன் தெரியவில்லை?

7

கிராணியிடம் சொன்னேன். "கோடு போடுறவன் எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியா? போய் வேலையைப் பாரு." அடித்திருப்பேன்.

10, ஞாயிறு

பூசையில் முன் வரிசையில் கிராணி, கண்ணை மூடி. எனக்கு ஜெபம் வரவில்லை.

தேநீருக்கு வாங்கிய காலிப் பால் டின்னின் மேல் ஒட்டியிருந்த தாளை உரித்தேன். தாளில் பாதி அகலத்துக்குச் சாய்வாய் ஒரு கோடு இழுத்து மறுபடி டின்னில் சுற்றினேன். டின்னின் பாதிச் சுற்றில்தான் நிற்கிறது. ஆனால் கோடு பாதிச் சுற்றைவிட நீளம். குழந்தைக்குக் கூடப் புரியும்.

11, திங்கள்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், ராஜம்மாவின் வெட்டைப் பற்றிச் சொல்லி, துரை முன்னால் டின்னை வைத்தேன். "இவன் குடிச்சிருக்கான் துரை" என்றார் கிராணி. துரை தாளை உரித்தார், சுற்றினார், மறுபடி உரித்தார். பிறகு டேப்பை வாங்கிக்கொண்டு மரத்துக்கே போய் அளந்தார்.

"கிராணி, தப்பு உன் மேலே."

ராஜம்மாவுக்கு அவள் நிரை திரும்பக் கிடைத்தது. கிராணி அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! ஊஹூம். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். திமிர்.

14, வியாழன்

எட்டாம் நிரையும் ராஜம்மாவுக்கே. கோடு போடப் போனேன். அவள் இடுப்பிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து, நான் கோடு போட்ட மரத்தைச் சுற்றி, மடித்து, தானே அளந்தாள்.

"எதுக்கு ராஜம்மா? நான்தான் அளந்துட்டேனே."

"இருக்கட்டும்ணே. அடுத்த தடவை கேட்டா நானே சொல்லிக்கிறேன்."

சுருக்கென்று கோபம் வந்தது. போன வாரம் செவ்வாய்க்கிழமை அவளுக்காகப் பேசாமல் வாயை மூடிக்கொண்டு நின்றவன் இப்போது என்ன பேச முடியும்? தகரத்தைப் பிடித்தபடி, அவள் எல்லா மரத்தையும் அளந்து முடிக்கும்வரை நின்றேன்.