பட்டமரத்துக்கு ஒரு கும்பிடு

ஆடி 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மரவள்ளி அவித்தேன். நேற்றும் அதுதான். தம்பி செல்வம் முகம் சுளித்தான், பிறகு தின்றான்.

கங்காணி தெருவுக்கு வந்தார். ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுக்கிறாராம். கூலி உண்டாம், அரிசி உண்டாம். முன்னே போனவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பி வரவில்லையே, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தம்பியை மேலும் கீழும் பார்த்து "நல்ல உடம்பு" என்றார். சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி.

அப்பா அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. கொடுக்க மாட்டேன். லாரி ஓட்டுகிற பெருமாள் அண்ணனைப் பார்க்கணும்.

ஆடி 12, புதன்

வெயில். பெருமாள் அண்ணன் சரி என்றுவிட்டார். இங்கே மலாக்காவில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு சிரம்பான் வழியாகக் கோலப்பிலா போகிறார். அங்கே அவர் மச்சான் மாடு வளர்க்கிறார், தம்பியை வைத்துக்கொள்வாராம். சிக்கல் ஒன்றுதான். புக்கிட் பூத்துஸ் கணவாயில் ஜப்பான்காரன் காவல். வேலைச் சீட்டு இல்லாத வாலிபனைப் பிடித்து சயாமுக்கு அனுப்பிவிடுகிறான்.

"பெட்ரோல் இல்லாம லாரி கரியில ஓடுது தங்கச்சி. ஏத்தத்துல ஆள் பாரம் தாங்காது, எல்லாரும் எறங்கி நடப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் அப்படியே ஒத்தையடிப் பாதையில ஒதுங்கிடுங்க. சின்ன மலைதான். ஏறி எறங்கினா அந்தப் பக்கம் ரோடு. காவலைத் தாண்டி வந்து ஏத்திக்கிறேன்."

"நான் எதுக்கு அண்ணே?"

"ஆம்பிளை தனியாப் போனா சந்தேகம். பொம்பளை கூடையோட போனா விறகு பொறுக்கன்னு விட்டுடுவான்."

எடுக்க வேண்டியவை: கூடை, அரிவாள், அரிசிக்கு மாற்றிக்கொள்ள ஒரு பை உப்பு, தம்பிக்குப் போர்வை.

பக்கத்து வீட்டு மலாய்க்காரி சிட்டி அக்கா மரவள்ளிப் பலகாரம் வாழையிலையில் கட்டித் தந்தாள். அவளுக்குத் தமிழ் வராது. "ஜாங்கான் தாக்கோட்" என்றாள். பயப்படாதே என்கிறாள். அவள்தான் தெருவை எட்டி எட்டிப் பார்த்தாள். மத்தியானம் கிளம்புகிறோம்.

ஆடி 13, வியாழன்

கோலப்பிலா, மாட்டுக்காரர் வீடு. சாயங்காலம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ராத்திரி சிரம்பானில் லாரியிலேயே தூக்கம். விடியும்போது கணவாய். ஒரே மூடுபனி. லாரி இருமிக்கொண்டே ஏறியது, நாங்கள் ஒதுங்கிவிட்டோம். பாதை ஒன்றும் கஷ்டமில்லை. மர வேரெல்லாம் படிக்கட்டு மாதிரி. காலில் அட்டை மட்டும், சனியன்.

உச்சிக்கு வந்ததும் பனிக்குள் ஒரு ஆள். தோளில் துப்பாக்கி.

தம்பி தொப்பியை எடுத்துவிட்டு இடுப்பை வளைத்துவிட்டான். போன வருஷம் மலாக்கா ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் சிப்பாயைக் கும்பிட மறந்து அறை வாங்கியவன். அன்றிலிருந்து அவன் இடுப்பு தானாக வளையும். நானும் வளைந்தேன். போ என்று குரல் வரவில்லை. கழுத்தில் பனித்தண்ணீர் சொட்டுகிறது. முதுகு வலிக்கிறது. மெதுவாகக் கண்ணை உயர்த்தினேன். அதிகாரியின் தலையில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது.

பட்டமரம். துப்பாக்கி ஒரு முறிந்த கிளை.

"அக்கா, துரை ரொம்ப நல்லவருக்கா, அடிக்கவே இல்ல" என்றான். சேலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அந்த அறைக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் பனி விலகியது. கீழே வெள்ளையாக, கண்ணுக்கெட்டிய தூரம். "கடலாக்கா?" என்றான். நானும் கடல் என்றுதான் நினைத்தேன். மலாக்காக்காரிக்கு வேறென்ன தோன்றும்? கடல் இல்லை, மேகம். காலுக்குக் கீழே மேகம். அதற்குள்ளிருந்து மலை, அதன் பின்னால் மலை, அதற்கும் பின்னால். நீலம், இன்னும் நீலம், பிறகு நிறமே இல்லை. வெயில் பட்டதும் அத்தனையும் பொன். பெரிய மூக்குப் பறவை இரண்டு தலைக்கு மேலே போயின. இறக்கைச் சத்தமே ரயில் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கங்காணியை மறந்துவிட்டேன். பக்கத்தில் நிற்கிற தம்பியைக்கூட மறந்துவிட்டேன். இவ்வளவு பெரிசு இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது. நான் எங்கள் காஜா பேராங் தெருவில் துணி துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எந்தக் கொடியை நட்டால் என்ன, இதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான் என்று நினைக்கிறேன்.

இறங்கும் முன் தம்பி மறுபடி மலைகளைப் பார்த்து இடுப்பை வளைத்தான். மெதுவாக, ஆழமாக. "இந்தக் கும்பிடு யாரும் சொல்லிப் போடல" என்றான்.

கீழே ரோட்டில் லாரி. பெருமாள் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "விறகு எங்க தங்கச்சி?" கூடை காலி. ஒரு சுள்ளிகூடப் பொறுக்கவில்லை.

ஆடி 15, சனி

வீடு வந்தேன். உப்புக்குப் பதில் அரைப் பை அரிசி. பிரியும்போது தம்பி அழவில்லை, நான்தான் அழுதேன். திரும்பும்போது கணவாயில் மலையைத் தேடினேன். முழுக்க மேகம்.

ஆடி 19, புதன்

கங்காணி, கூட ஒரு சிப்பாய். வாசலிலேயே வளைந்தேன்.

"தம்பி எங்க?"

"ஜொகூர்ல வேலைன்னு போனான். எந்த ஊருன்னு சொல்லல."

நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அந்தக் குருவி ஞாபகம் வந்தது. பயம் குறைந்தது, சத்தியமாக. வீட்டைப் புரட்டினார்கள். அரிசியை எடுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

மரவள்ளி அவித்தேன்.

ஆடி 23, ஞாயிறு

காற்று. பெருமாள் அண்ணன் வந்தார். தம்பி நன்றாக இருக்கிறானாம். பால் கறக்கப் பழகிவிட்டானாம். "ஒண்ணுதான் தங்கச்சி புரியல. காலையில எந்திரிச்சதும் மலைப் பக்கம் திரும்பி ஜப்பான்காரனுக்குப் போடுற மாதிரி ஒரு கும்பிடு போடுறான். பையனுக்குக் கிறுக்கான்னு மச்சான் கேக்கிறான்."

அவர் போன பிறகு சிட்டி அக்காவிடம் வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன், அந்த மலை இருக்கிற திசை. குருபோங் ஊர்ப் பக்கம் கையைக் காட்டினாள். இங்கிருந்து மலை தெரியாது. கொல்லையில் தென்னை மரம்தான் தெரிந்தது.

வளைந்தேன். யாரும் சொல்லி இல்லை.