நேர் ரோட்டு நியாயம்

அக்டோபர் 8, 2024, செவ்வாய்

காலை முழுக்க ஐஸ் பிளாண்டில் கம்ப்ரசர் வேலை. கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு போனைத் திறந்தால் எங்கள் வண்டிக்காரர் குழுவில் எழுபத்திரண்டு செய்தி. எல்லாம் எனக்க டயரைப் பற்றித்தான். பைக்கின் பின்சக்கரத்துக்குக் கார் டயர் போடலாமா, கூடாதா? ஒரு மாதமாக இதே சண்டை. போட்டவன் நான். டூல் பெட்டியைக் கட்டிக்கொண்டு இனயம் ஊரிலிருந்து மாவட்டம் முழுக்க ஓடுகிறவன். பைக் டயர் எட்டு மாதத்தில் மொட்டையாகிவிடும். கார் டயர் கிடந்து உழைக்கும். இதில் என்ன தப்பு?

சுசீந்திரத்தில் டயர் கடை வைத்திருக்கும் முருகதாஸ் படமே வரைந்து போட்டிருந்தார். பைக் டயர் உருண்டை, கார் டயர் தட்டை. கீழே, "காரு வளவுல சாயாது வோய், பைக்கு சாயணும்" என்று எழுத்து. நான் விடுவேனா? "நான் ரேஸுக்கா போறேன்? ஐஸ் பிளாண்டுக்குத்தானே. பயப்படுறவனுக்கு எந்த டயரும் வழுக்கும்." நாற்பது பேர் கைதட்டினார்கள். வங்கியில் வேலை பார்க்கும் பிரதீஷ், பெனின் அண்ணன் சொன்னால் சரிதான் என்று எழுதினான். முருகதாஸ் அதோடு வாயை மூடிக்கொண்டார். கொள்ளாம், நல்லது.

அக்டோபர் 10

கொள்ளாம் என்றால், கால்வாயைக் கடக்கும் சானல் பாலத்து வளைவை விட்டுவிட்டு நான் ஏன் நாகர்கோவில் சுற்றிப் போகிறேன்?

அக்டோபர் 13, ஞாயிறு

ராஜாக்கமங்கலத்தில் மாமியார் வீடு. ஷிபா இன்றைக்கும் பின்னால் ஏறவில்லை. டயர் மாற்றிய வாரமே சொல்லிவிட்டாள் – வளைவில் வண்டி ஒரு பக்கம் போகிறதாம், நான் ஒரு பக்கம் போகிறேனாம், அவள் மூன்றாவது பக்கம் போய்விடுவாளாம். கட்டியவன்மேல் நம்பிக்கை வேண்டாமா? பஸ்ஸில் போனாள்.

அவள் போய் அரை மணிநேரம் கழித்துத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். சானல் பாலத்தில் ரோட்டு வேலை, சுற்றி வந்தேன் என்றேன். "நான் வந்த பஸ்ஸு அந்தப் பாலம் வழியாத்தானே வந்தது" என்று சொல்லிவிட்டு மீன் குழம்பை ஊற்றினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அக்டோபர் 17

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். நேர் ரோட்டில் இந்த டயர் ராஜா. வளைவில் சாய்த்தால் விளிம்பில் ஏறி நிற்கும். ஹேண்டிலை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் தளர்த்தினால் வண்டி நிமிர்ந்து நேராகப் போகும், சானலுக்குள். போன மாதம் மழையில் கரைக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை. டயரைக் கழற்றவும் இல்லை. கழற்றினால் முருகதாஸ் ஜெயித்துவிடுவார். அதுக்காண்டி செத்துப்போவியாலே நீ?

அக்டோபர் 22

குழுவில் மூன்று பேருக்குப் பதில் எழுதினேன். மூன்றிலும் நான்தான் ஜெயித்தேன். சவம்.

அக்டோபர் 29, செவ்வாய்

பிரதீஷ் படம் போட்டிருக்கிறான். அவன் பைக்கின் பின்சக்கரத்தில் புத்தம்புதுக் கார் டயர். முருகதாஸ் மாட்டித்தர மறுத்துவிட்டாராம், வேறு கடையில் மாட்டினானாம். தீபாவளிக்கு மனைவி அஸ்வதியோடு மூணாறு போகிறானாம். "எல்லாம் பெனின் அண்ணனுக்க புண்ணியம்."

உடனே கூப்பிட்டேன். மலையில் வேண்டாம், பைய போ என்றேன். சிரிக்கிறான். பயப்படுறவனுக்கு எந்த டயரும் வழுக்கும் என்று எனக்க வார்த்தையையே எனக்கு எடுத்து விளம்புகிறான். மழை வேறு பெய்கிறதே என்றேன். "நீங்க தெனமும் மழையில ஓட்டல்லியாண்ணே?"

ஆமா என்றேன். ஆமாண்ணு சொன்னேன்! எந்த மண்டையன் அதுக்கு ஆமாண்ணு சொல்லுவான்?

அக்டோபர் 30

வேலை ஓடவில்லை. மாட்டிய போல்ட்டையே திரும்பக் கழற்றினேன். மூணாறு ரோட்டை மேப்பில் பார்த்து வளைவுகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். அவனுக்கு ஏதாவது ஆனால் – அந்த அஸ்வதிப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் – நான் எந்த முகத்தோடு கோயிலுக்குள் போவேன்?

ஷிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு முழம் கதையையும். முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நேர்ல போய்ச் சொல்லுங்க. போன்ல நீங்க பெரிய ஆளு."

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

விடிந்ததும் சுசீந்திரத்தில் பிரதீஷ் வீடு. இருவரும் கிளம்பத் தயார். வண்டியில் பை கட்டியாயிற்று, அஸ்வதி ஹெல்மெட்டே மாட்டிவிட்டாள். எடுத்த எடுப்பில் கொட்டினேன்.

"பிரதீஷே, நான் சானல் பாலத்து வளவுக்குப் பயந்து ஒரு மாசமா சுத்திப் போறேன். ஷிபா எனக்க வண்டியில ஏறுறதே இல்ல. எழுதினது எல்லாம் வெறும் வாயி."

பிரதீஷ் தலையைக் குனிந்துகொண்டான். அஸ்வதி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "இத முந்தியே சொல்லியிருக்கலாம்லா, அண்ணே?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு வண்டியோடும் போனோம்; முருகதாஸ் கடை பூட்டியிருந்தது. வீடு பின்னால்தான். தலையில் எண்ணெய் வழிய வந்தார், கேட்டார், சாவியை எடுத்தார். இரண்டு வண்டிக்கும் பைக் டயர் மாட்டினார். இப்போது குத்திக்காட்டுவார், இப்போது குத்திக்காட்டுவார் என்று காத்திருந்தேன். கையைக் கழுவும்போதுதான் பேசினார். "எழுத்துல ஒம்ம ஜெயிக்க முடியாதுண்ணு நான் வாயடச்சேன் பாரும், அது எனக்க தப்பு."

குழுவில் எழுதினேன்: முருகதாஸ் சொன்னது சரி, நான் வளைவுக்குப் பயந்து சுற்றிப் போகிறவன். ஒருவரும் கைதட்டவில்லை. சாயங்காலத்துக்குள் 'நேர் ரோட்டு வீரன்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 1

பிரதீஷ் மூணாறு போய்ச் சேர்ந்துவிட்டான். படம் அனுப்பியது அஸ்வதி.

நவம்பர் 2, சனி, கல்லறைத் திருநாள்

ஷிபாவின் தம்பி ஜஸ்டஸ் கார் டயரைக் கேட்டு வாங்கிப்போனான், வள்ளம் இடிபடாமல் இருக்க ஓரத்தில் தொங்கவிட. போகட்டும்.

ராஜாக்கமங்கலத்தில் மாமனார் கல்லறைக்குப் போகக் கிளம்பினோம். பஸ்ஸுக்குப் பை எடுப்பாள் என்று நினைத்தேன். மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு வந்து பேசாமல் பின்னால் ஏறினாள்.

சானல் பாலத்தில் வண்டியைச் சாய்த்தேன். பின்னால் ஷிபா அவள் அம்மாவின் முட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். பாலம் கடந்ததே அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான், அப்பாவுக்குப் பூ வாங்கினியளா என்று கேட்டாள். மறந்திருந்தேன். பூக்கடையோ பாலத்துக்கு நாங்கள் கடந்து வந்த பக்கம்.

வண்டியைத் திருப்பி, அதே வளைவு வழியாகப் போய் வாங்கி வந்தோம்.