ரஹமத்பீ சொன்னதாக நான் எழுதியது

4-3-86, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. வார்டில் இருக்கிற ரெண்டு ஃபேனில் ஒன்று ஓடாது.

சேலத்திலிருந்து நர்சிங் டியூட்டர் விமலா வந்தாச்சு, பத்து மாணவிகளோடு. கையில் புது தியரி. நர்சும் நோயாளியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி, என்ன குணமாகணும், அதுக்கு யார் என்ன செய்யணும் என்று ரெண்டு பேருமாகச் சேர்ந்து இலக்கு வைக்கணுமாம். அமெரிக்காவில் யாரோ எழுதியது. இங்கே மாதிரி அங்கே நாற்பது கட்டிலுக்கு ஒரே நர்ஸ் இருக்கமாட்டாள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் இலக்கு எழுத ஒரு ஃபாரம். வெள்ளிக்குள் முடிக்கணும். நர்சிங் சூப்பிரண்டு நன்றாகத் தலையாட்டினாள். ஊசி போடுவது அவள் இல்லையே.

வாங்க வேண்டியது: சொட்டுநீலம், கஞ்சி மாவு, மண்ணெண்ணெய்.

5-3-86, புதன்

காசநோய்ப் பெண்கள் பகுதி என் தலையில். பதினெட்டு பேர். அதில் ஒருத்தி ரஹமத்பீ, வயசு நாற்பது இருக்கும். மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி ஏலம் எடுத்து ஓசூருக்கு அனுப்புகிறவள். போன மாதம் ஊசியைப் பாதியில் விட்டு ஓடிப்போனாள். ரத்தமாக இருமிக்கொண்டு திரும்பி வந்தாள். இப்பவும் தினம் ஒரு சாக்கு. தலை சுத்துது, வாய் கசக்குது, காதுக்குள்ள வண்டு கத்துது.

"ஊசி வேணாங்க சிஸ்டர்."

"செத்துப் போறியா? திரும்பிப் படு."

இவளோடு உட்கார்ந்து இலக்கு பேசணுமாம்.

மத்தியானம் டூட்டி ரூமில் உட்கார்ந்து பதினெட்டு ஃபாரமும் நானே எழுதிவிட்டேன். எல்லாருக்கும் ஒரே இலக்கு. 'ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்வேன் என்று நானே முடிவு செய்தேன்.' ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு கட்டில் கட்டிலாகப் போய் பெருவிரல் ரேகை வாங்கினேன்.

"எதுக்குங்க இது?" ரஹமத்பீ.

"சாப்பாட்டுக்கு. வை."

வைத்தாள்.

7-3-86, வெள்ளி



விமலா ரவுண்ட்ஸ். பின்னால் பத்து மாணவிகள். ரஹமத்பீயின் ஃபாரத்தைப் பார்த்து, "ரொம்ப நல்ல இலக்கு" என்று அவள் கையிலேயே கொடுத்தாள். அவள் வாங்கி வாசித்தாள். திக்காமல், ஒரு எழுத்து விடாமல்.

"இதை நான் சொல்லலைங்க. சாப்பாட்டுக்குன்னு சொல்லி ரேகை வாங்கினாங்க. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். தெரியுமான்னு ஒரு வார்த்தை கேக்கலை."

பத்து பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"சரி, கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" விமலா.

"என்னங்க? இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

விமலா கட்டிலைச் சுற்றி வலது பக்கம் போனாள். மறுபடி கேட்டாள்.

"ஒன்பதாவது ஊசியிலிருந்தே காதுக்குள்ள சத்தம். மூணு தடவை இவங்ககிட்ட சொன்னேன். கேக்கலை. அதான் வூட்டுக்கு ஓடினேன். இப்ப இடது காது அடைச்சே போச்சு. மண்டியில எவன் என்ன வெலை கூவுறான்னு காதுல விழணும். இல்லைன்னா எனக்குப் பொழப்பு ஏது?"

அந்த ஊசி ஸ்ட்ரெப்டோமைசின், காதைக் கெடுக்கும். தெரியாததா? முதல் வருஷம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

விமலாவைப் பிடிக்கவில்லை. ரஹமத்பீயை அதைவிடப் பிடிக்கவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை.

8-3-86, சனி

டாக்டர் காதைச் சோதித்தார். ஊசி நிறுத்தம், பதிலுக்கு வேறு மாத்திரை. இடது காது திரும்ப வராது. வலது காதில் பாதிக்குமேல் கேட்குது.

"மொதல்லயே ஏம்மா சொல்லலை?" என்று என்னிடம்தான் கேட்டார்.

எனக்கு மெமோ. விமலா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். 'ஒரு வார்டில் என்ன நடந்தது தெரியுமா' என்று பேர் சொல்லாமல் பாடம் எடுத்தாளாம். எல்லாருக்கும் தெரியும் எந்த வார்டு என்று.

பொம்மிடிக்கு அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ரெண்டு வரி. கிழித்தேன்.

10-3-86, திங்கள்

சூப்பிரண்டு உத்தரவு. பதினெட்டும் மறுபடி, உட்கார்ந்து பேசி. ரஹமத்பீயிடம் முதலில் போனேன். ஸ்டூலை வலது பக்கம் போட்டேன்.

"உங்களுக்கு என்ன ஆகணும்?"

"சேர்ந்து வைக்கிறதுன்னுதானே அந்தம்மா சொன்னாங்க. உங்களுக்கு என்ன ஆகணும், சொல்லுங்க மொதல்ல."

இந்த மெமோ கிழியணும். அதுதான் வாய்வரை வந்தது.

அவளே சொன்னாள். "சீக்கு போகணும். மாத்திரையை ஒரு நாள் விடாம திங்கறேன். இந்தக் காது இருக்கிறபடி இருக்கணும். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தினம் காலையில கேட்குதான்னு பார்த்து எழுதுவேன்."

"நீங்க வேணாங்க. வேற யாராச்சும் வரட்டும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

'நர்ஸ் செய்ய வேண்டியது' என்ற இடத்தில் அவள் சொன்னபடியே எழுதினேன். வேறு நர்ஸ் வர வேண்டும். வாங்கி முழுசும் வாசித்தாள். காது இருக்கிறபடி என்பதை விட்டிருந்தேன், சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். கையெழுத்துப் போட்டாள். பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

கீழே என் கையெழுத்தும் வேணும். போட்டேன்.