காணாமல் போன ஏழரை அங்குலம்

6.11 புதன்

காலையிலிருந்து தூறல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. பதினொன்றரைக்குக் கொரியர். பெங்களூரிலிருந்து மகன் அனுப்பிய பெட்டிகள் இரண்டு. ஒன்றில் ப்ளூரே பிளேயர், இன்னொன்றில் படம்.

அந்தப் படம். எனக்கு ஆறு வயசில் எங்கள் அடி அண்ணாமலைக்கு வந்து எடுத்த கொலைக் கேஸ் படம். கொலைகாரன் கிரிவலக் கூட்டத்தில் கலந்து தப்பிப்பான். துரத்தி வரும் இன்ஸ்பெக்டர், ஜீப்பில் உட்கார்ந்தபடியே, இடுப்பில் குழந்தையோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் விசாரிப்பார். அவள் கை நீட்டி வழி காட்டுவாள். மொத்தம் பதினோரு வினாடி. அந்தப் பெண் எங்கள் அம்மா. இடுப்பில் இருப்பது தங்கை செல்வி.

அடுத்த வருஷமே அம்மா போய்விட்டாள். ஒரு போட்டோ கிடையாது. அப்பாவுக்கு மட்டும் உண்டு, ஹாலில், மாலையும் சீரியல் பல்புமாக. செல்விக்கு அறுபது தாண்டியாச்சு, பெற்றவள் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. எனக்கு ஏதோ தெரியும்.

டிவியில் போட்டபோதெல்லாம் சரியாக அந்த இடத்தில் விளம்பரம். யூடியூபில் இருப்பதில் அம்மா முகத்தின் மேலேயே சேனல் முத்திரை. வைக்க வேறு இடமா கிடைக்கவில்லை அவனுக்கு?

இப்போது நெகட்டிவிலிருந்தே எடுத்துச் சுத்தம் செய்ததாம். ‘அன்று பார்த்ததைவிடத் துல்லியமாக’ என்று அட்டையில். செல்வி செங்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அதுவரை பிரிக்கக்கூட மாட்டேன் என்று அவளுக்கு வாக்கு.

வாங்க: எச்டிஎம்ஐ ஒயர், நல்லெண்ணெய், வசந்தாவுக்குத் தைராய்டு மாத்திரை.

7.11 வியாழன்

வாக்கு போச்சு. "ஒயர் சரியா இருக்கான்னு பார்க்கிறேன்" என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டுப் போட்டேன். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

அம்மாவுக்குத் தலை இல்லை.

ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டர் முகம் நட்டநடுவில், மீசை மயிர் எண்ணலாம். பக்கத்தில் நிற்கும் அம்மா கழுத்தோடு சரி. புடவைக் கட்டம் தெரிகிறது, நீட்டிய கை தெரிகிறது, குழந்தை தொப்புள் தெரிகிறது. கழுத்துக்கு மேலே டிவி முடிந்துவிட்டது.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நாலாவது தடவை எழுந்து டிவிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அங்கே சுவர் இருந்தது. அறுபத்தாறு வயசில் நான் செய்த காரியம் இது, யாரும் பார்க்கவில்லை.

வசந்தா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். "இன்னாங்க, யார் மேல கத்தறீங்க?"

"தலையை வெட்டிட்டான்டி!"

"கொலைப் படம்தானே, வெட்டாம?"

டேப் எடுத்து அளந்தேன். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயர் வேலை பார்த்த கை, சும்மா இருக்குமா? டிவி அகலம் நாற்பது அங்குலம், உயரம் இருபத்திரண்டரை. அந்தக் காலத்துப் படமெல்லாம் நாலுக்கு மூணு. நாற்பது அகலத்துக்கு முப்பது உயரம் இருக்க வேண்டும். ஏழரை அங்குலம் காணோம். இந்தக் கால டிவி அகலத்துக்கு இழுத்துவிட்டு, மிஞ்சியதை மேலேயும் கீழேயும் வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். நாலில் ஒரு பங்கு! அடுத்தவன் வரப்பில் அரை அடி ஏறியவனையே நான் விட்டதில்லை.

இன்னும் இருக்கிறது. துப்பாக்கிச் சத்தத்துக்குப் புதுசாக எதிரொலி. கூட்டத்து முகமெல்லாம் மெழுகு தடவியது போல. எழுத்து போடும்போது நடிகர்கள் பெயரில் மேல் வரிசையே பாதிதான்.

பி.பி. மாத்திரை இரண்டு வேளை.

8.11 வெள்ளி

அட்டையில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு தம்பி எடுத்தான், குரல் மரியாதைதான்.

"படம் டிவி ஃபுல்லா வருதுங்களா சார்?"

"வருது."

"அப்புறம் இன்னா சார் கம்ப்ளைன்ட்?"

"தலை வரல."

"யாரு தலை சார்?"

"எங்க அம்மா தலை."

பிறகு விளக்கினான். ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டால் டிவி ரிப்பேர் என்று நினைத்து ஜனங்கள் படத் தட்டைத் திருப்பி அனுப்புகிறார்களாம். அதனால் நிறைத்து விடுவார்களாம். "ஹீரோ தலை ஒரு சீன்ல கூட போவாது சார், அதுக்குன்னு ஆள் உக்காந்து பாத்திருக்காங்க."

"மத்தவங்கல்லாம் தலை இல்லாம பொறந்தவங்களாப்பா?"

"மெயில் போடுங்க சார்."

செல்வியிடம் எப்படிச் சொல்ல? போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். மாடியில் துணி நனைந்துவிட்டது.

10.11 ஞாயிறு

செல்வி ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். பட்டுப்புடவை. ஒரு கிலோ ஸ்வீட். படம் பார்க்க யாராவது பட்டுப்புடவை கட்டுவார்களா? அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள். நான்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், கோழை.

போட்டேன். ஜீப் வந்தது. நின்றது. கை நீண்டது.

"மேல தள்ளுண்ணா."

"தள்ள முடியாதும்மா. அவ்ளோதான் குடுத்திருக்கான்."

திருப்பிப் போடச் சொன்னாள். எத்தனை தடவை என்று கணக்கில்லை. கடைசியில், "என்னைப் பாரு, எவ்ளோ ஜோரா உக்காந்திருக்கேன்" என்றாள். குழந்தை அம்மா கழுத்துப் பக்கம் அண்ணாந்து பார்க்கிறது. "அது பாக்குது, எனக்குத் தெரியல." அப்புறம்தான் அழுதாள். வசந்தா டிவியை அணைத்தாள். எனக்கு அந்தக் கம்பெனியைக் கொளுத்தலாம் போல இருந்தது.

சாப்பிடும்போது கேட்டாள், "நீ சொல்லுண்ணா, எப்படி இருப்பாங்க?"

எப்போதும் சொல்வதையே சொன்னேன். மாநிறம், உன்னை மாதிரி நெற்றி, மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி.

அது அப்பா வாக்கியம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "சிவப்புக்கல் மூக்குத்தி போட்டு ராணி மாதிரி வெச்சிருந்தேன் அவளை." செல்வி கல்யாணத்துக்கும் அதே மாதிரி செய்து போட்டார். ஆபரேஷனுக்குத் தவிர இன்றுவரை அவள் கழற்றியதில்லை. சாப்பிட்டு முடிக்கும் வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியில் யோசித்தேன். மூக்குத்தி இடப்பக்கமா, வலப்பக்கமா? எனக்குத் தெரியவில்லை. நெற்றிகூட நானாகப் பார்த்ததா, அப்பா சொன்னதா? தெரியவில்லை.

11.11 திங்கள்

மெயிலாவது ஒன்றாவது. மனு எழுதினேன். பொருள்: அன்னையாரின் முகம் வெட்டி நீக்கப்பட்டது, மீட்டுத் தரக் கோருதல். பார்வை: தொலைபேசியில் தங்கள் ஊழியர் கூறிய பதில். கூடவே புலப்படம் ஒன்று, வயலுக்குப் போடுவது போலவே. திரையின் நாலு எல்லை, அளவுகள், ஆக்கிரமிப்பு ஆன பகுதி சிவப்புக் கோடு போட்டு. ஜீப்புக்கு ஒரு குறி, அம்மாவுக்கு ஒரு குறி. ஸ்கேல் போட்டிருக்கிறேன். வடக்கு அம்புக்குறியும் போட்டிருக்கிறேன், பழக்க தோஷம்.

அடையாளம்: இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. கட்டம் போட்ட புடவை. மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி.

வசந்தா: "திங்கக்கெழமை மனு நாள்தானே, கலெக்டர் ஆபீஸ்லயே ஒரு காப்பி குடுத்துட்டு வாங்களேன்." கிண்டல். போயிருப்பேன், மழை.

பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையோடு.

15.11 வெள்ளி

பௌர்ணமி. செங்கம் ரோட்டில் பஸ் விடவில்லை. வாசலில் ஜனம், பொங்கல் பொட்டலம், ஒலிபெருக்கி. பால் வாங்கப் போய் வர ஒரு மணி நேரம்.

ஒரு பெண், தோளில் தூங்கும் குழந்தை. "ஐயா, அடி அண்ணாமலை கோயில் இப்படியா?" கை நீட்டிக் காட்டினேன். வீட்டுக்குள் வந்த பிறகும் கை என்னவோ போல இருந்தது.

கம்பெனியிலிருந்து சத்தமே இல்லை. ஒப்புதல் அட்டை மட்டும் வந்தது, கோழி கிறுக்கின கையெழுத்து.

20.11 புதன்

மத்தியானம் போன். கம்பெனி இல்லை, படத்தைச் சுத்தம் செய்த லேப். ஒரு பெண் பேசினாள். என் புலப்படம் மேசை மேசையாகப் போய்ச் சிரித்து முடித்து, அவளிடம் வந்திருக்கிறது.

"சிரிக்காம பாத்தது நான் ஒருத்திதான் சார். அந்த எடத்துல தலை போயிருக்குன்னு அப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. வெட்டாத முழு ஸ்கேன் எங்க கிட்ட இருக்கு. ஒரு ஃபிரேம் அனுப்பறேன்."

உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவள் சொன்னாள், "ஆனா ஒண்ணு சார். குழந்தை இருக்கு, புடவை இருக்கு. மூக்குத்தி இல்ல. இவங்கதானான்னு நீங்களே பாத்துக்கோங்க."

வந்ததே கோபம்! ஆளையே மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண்ணைத் திட்டியிருக்கக் கூடாது, திட்டிவிட்டேன். "எங்க அப்பா போட்ட மூக்குத்திம்மா அது, எங்க போவும்? உங்க மெழுகுல அழிச்சிருப்பீங்க!" அவள் பொறுமையாக, "இது மெழுகு போடறதுக்கு முன்னாடி எடுத்தது சார்" என்றாள்.

சாயங்காலம் வாட்சப்பில் படம் வந்து நிற்கிறது. திறக்கவில்லை. ஒரு தடவை வாக்கு மீறியது போதும்.

21.11 வியாழன்

முதல் வேலையாகச் செங்கம் பஸ். பஸ் டிவியிலும் பழைய படம், அகலத்துக்கு இழுத்து, எல்லோரும் பூசணிக்காய் முகத்தோடு. கண்டக்டரிடம் சொன்னேன். "பாக்கறதுன்னா பாருங்க, இல்லன்னா ஜன்னல் பக்கம் பாருங்க பெருசு." பார்த்தேன்.

செல்வி வீட்டில் அவள் மட்டும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திறந்தேன்.

அதே கட்டம் போட்ட புடவை. அதே கை. அதே குழந்தை, அண்ணாந்து பார்த்தபடி. அதற்கு மேலே, முகம்.

எழுதத் தெரியவில்லை. சின்னப் பெண். எங்கள் பேத்தி வயசுதான் இருக்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு. நெற்றி செல்வியுடையதுதான். அது பொய்யில்லை.

மூக்கில் கல் இல்லை. பெரிதாக்கினேன். மயிரிழை போல ஒரு கோடு. "பாரு, பிலிம் கீறல். இதைக்கூட விட்டுட்டானுங்க" என்றேன்.

செல்வி போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"கீறல் இல்லண்ணா. தொடப்பக் குச்சி. மூக்குத்தி போனா ஓட்டை தூந்துடக் கூடாதுன்னு ஒடிச்சு சொருவி வெப்பாங்க. நான் கூட ஆஸ்பத்திரியில வெச்சிருந்தேனே."

"எங்க போச்சு மூக்குத்தி?"

"என்னைக் கேட்டா? வித்தாரோ அடகு வெச்சாரோ, அப்பாவுக்குத்தான் தெரியும்."

எனக்குத் திடீரென்று டென்ட் கொட்டகை ஞாபகம். படம் ஓடிய ஏழு நாளும் அப்பா என்னைக் கூட்டிப் போனார். ஏழு நாளும் அந்த இடம் முடிந்ததும் எழுந்து வெளியே போய் பீடி பிடித்தார். பாசம் என்று நினைத்திருந்தேன். அத்தனை பெரிய திரையில் அந்தக் குச்சி அவர் கண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான், சாகும் வரைக்கும் ஊரெல்லாம் சிவப்புக்கல், ராணி. அம்மா முகத்தையே எனக்கு மறக்கடித்துவிட்டு அந்த மூக்குத்தியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கம்பெனிக்காரன் ஏழரை அங்குலம்தான் வெட்டினான்.

"அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்ணா. பெருசா" என்றாள் செல்வி. தன் மூக்குத்தியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தாள். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

ஸ்டூடியோவில் கொடுத்தாச்சு. ஞாயிறு வரச் சொன்னான். "மூக்குல கோடு இருக்கு சார், எடுத்துடலாமா, சின்ன வேலைதான்" என்றான். கையை ஓங்கிவிட்டேன், நல்லவேளை செல்வி பிடித்தாள்.

குச்சியோடுதான் மாட்டுவேன். பக்கத்திலேயே இருந்து தினமும் பார்க்கட்டும் அப்பா. இந்தத் தடவை பீடி பிடிக்க எழுந்து போக முடியாது.