நாக்கைத் தூக்கு

ஜூன் 9, செவ்வாய்

இன்று ஆறு பஸ்களில் ஏறி இறங்கினேன். டிக்கெட் எடுக்காதவர்கள் மூன்று பேர். ஒருவர் தூங்குவது போல நடித்தார். நிஜமாகத் தூங்குகிறவருக்கு வாய் லேசாகத் திறந்திருக்கும்; இவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கினார். இருபத்திரண்டு வருஷமாகச் செக்கராக இருக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா.

வீட்டில் நடந்தது மட்டும் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை குடல் டாக்டரம்மா வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டார். என் மகள், எங்கள் ஒரே பிள்ளை, வாலு என்று நாங்கள் கூப்பிடுகிற பதினைந்து வயதுக்காரிக்கு க்ரோன் நோய். சிறுகுடல் முடிகிற இடத்தில் புண்கள். ஏழு கிலோ இளைத்திருக்கிறாள். ஒரு நாளைக்கு எட்டு தடவை கழிவறைக்கு ஓடுகிறாளாம். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "ஏழு மாசமா" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

வயிற்றுவலி என்று முன்பு ஒரு தடவை சொன்னாள்தான். பரீட்சை நேரம். எந்தப் பிள்ளைதான் சொல்லவில்லை?

ஏழு மாதம் மறைத்தவள் இன்னும் எதையெல்லாம் மறைக்கிறாளோ.

ஜூன் 11, வியாழன்

டாக்டரம்மா மீதும் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு பக்கத்து உறவிலும் இந்த வியாதியை யாரும் கேள்விப்பட்டதில்லை. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே குடலை எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றனவாம். முழுசாகக் குணமாகாது, அடக்கி வைக்கலாம், மருந்தை விடவே கூடாது என்கிறார். விடவே கூடாத மருந்து என்றால் அதில் யாருக்கு லாபம்?

மனைவியிடம் சொன்னேன். அவள் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்காருகிறவள். தினமும் என்னைப் போல நாலு பேரைப் பார்க்கிறாள்.

"உலகத்துல இருக்கிற அத்தனை பேரையும் டிக்கெட் எடுக்காத வித்தவுட் மாதிரியே பாக்காதீங்க" என்றாள்.

ஜூன் 14, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு எட்டு மாத்திரை. வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். அட்டையை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஜூன் 17, புதன்

இன்றும் சரியாக இருக்கிறது. எண்ணிக்கை இவ்வளவு சுத்தமாக இருப்பதுதான் எனக்கு உதைக்கிறது. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்துக் குப்பையில் போட்டாலும் எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கும்?

ஜூன் 25, வியாழன்

அவள் முகம் உப்பிவிட்டது. கன்னம் இரண்டும் பலூன் மாதிரி. குளியலறைக் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். பள்ளியில் என்ன ஆச்சு என்று கேட்கிறார்களாம். பல் வலி என்று சொல்லியிருக்கிறாள்.

எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சத்தியம் வாங்கினாள். "யாருக்கும் தெரியக் கூடாது. சித்திக்குக்கூட. அந்தப் பேரையே வீட்டுல சொல்லாதீங்க."

எத்தனை சுலபமாகப் பொய் சொல்கிறாள் இந்தப் பெண். பல் வலியாம்.

ஜூலை 6, திங்கள்

ரத்தமும் மலமும் பரிசோதித்த முடிவு வந்தது. வீக்கம் குறையவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி, "மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடறாளா?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாக இருக்கலாம். எனக்குப் பொறி தட்டியது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எங்க போடற?"

"எத?"

"மாத்திரைய."

அவள் என்னையே பார்த்தாள். "வாயிலதான்ப்பா போடறேன்."

"முகம் வீங்குதுன்னு துப்பிடறியா? உண்மையச் சொல்லு, அடிக்க மாட்டேன்."

என் பிள்ளையை நான் ஒருநாளும் அடித்ததில்லை. அதை ஏன் சொன்னேன்?

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குற்றம் இல்லாதவள் எதிர்த்துக் கேட்க வேண்டாமா? பேசாமல் போகிறவர்களிடம்தான் டிக்கெட் இருக்காது.

ஜூலை 7, செவ்வாய்

இன்றிலிருந்து என் கண்ணெதிரில். சமையலறையில் நிற்கவைத்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்கவைத்து, "வாயைத் திற" என்றேன். திறந்தாள். "நாக்கைத் தூக்கு." தூக்கினாள். போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக மூன்று புண். மாத்திரை இல்லை.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஜூலை 9, வியாழன்

பார்த்தேன். இல்லை.

ஜூலை 10, வெள்ளி

இல்லை. விழுங்கின பிறகு போய் வாந்தி எடுக்கிறாளோ? கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அவள் உள்ளே குழாயைத் திறந்துவிட்டாள்.

ஜூலை 15, புதன்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு பஸ் ஜன்னலிலிருந்து அவளைப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் தெருவோரமாக வேக வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு எட்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்படித் திரும்பிப் பார்த்து நடக்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பின்னால் போனேன். யாரோ பையன் என்றுதான் நினைத்தேன். இல்லையென்றால் வேறு மருந்து, வேறு ஏதாவது சகவாசம்.

இரண்டு தெரு தாண்டி ஒரு தையல் கடை. அவள் யாரையும் கேட்காமல் நேராக உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் மறைந்தாள். பழகின கால்கள். எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்று பார்த்தேன். ஐந்து நிமிஷம், ஒன்பது நிமிஷம். பொறுக்க முடியாமல் கடைக்குள் போனேன்.

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்தார். "என்ன சார், தைக்கணுமா?"

"இப்ப ஒரு பொண்ணு உள்ள போச்சே."

"நீங்க யாரு?"

"அவ அப்பா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேஜையிலிருந்த கத்திரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றார். "அதை அந்தப் பொண்ணு வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் அங்கயே நில்லுங்க."

ஊரையே நிறுத்தி டிக்கெட் கேட்கிறவனை ஒரு அம்மாள் கத்திரிக்கோலோடு நிறுத்திவைத்துவிட்டார். நின்றேன்.

வாலு ஈரக் கையோடு வந்தாள். என்னைப் பார்த்து அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது. "எங்கப்பாதான் அக்கா" என்றாள், பஸ் வந்துவிட்டது என்று சொல்வது போல.

திரைக்குப் பின்னால் இருந்தது ஒரு கழிவறை. தாழ்ப்பாள் உள்ள கழிவறை.

திரும்பி நடக்கும்போது சொன்னாள். "ஸ்கூல்ல அஞ்சு இருக்கு. ஒண்ணுலயும் தாழ்ப்பாள் இல்ல. யாராவது வெளிய கதவப் பிடிச்சுக்கணும். ஒரு தடவன்னா சொல்லலாம். நாலஞ்சு தடவ யாரப் பிடிக்கச் சொல்றது? சத்தம் வேற கேக்கும்."

"அதான் டிபன் டப்பா அப்படியே திரும்பி வருதா? மதியம் சாப்பிடறதில்லையா?"

"சாப்பிட்டா ஓடணும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

நின்றுவிட்டாள். "நவம்பர்ல சொன்னேனே. நீங்க அம்மாகிட்ட, 'நடிக்கிறா, தினம் நூறு நடிப்பு பாக்கறவன் நான்'னு சொன்னீங்க. நான் அப்ப பாத்ரூம்லதான் இருந்தேன். ரத்தம் போச்சு அன்னிக்கு. சுவரு மெல்லிசுப்பா, எல்லாம் கேக்கும்."

பள்ளி வாசல் வரை கூடவே நடந்து போய் விட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 16, வியாழன்

ஆமாம், சொன்னேன். அதே வார்த்தைகள்தான்.

ஆனாலும் இன்று காலை மறுபடியும் நாக்கைத் தூக்கச் சொன்னேன். தாழ்ப்பாள் விஷயம் வேறு, மாத்திரை விஷயம் வேறு இல்லையா? நான் என்ன ஜென்மம்.

ஜூலை 20, திங்கள்

என் கண்ணெதிரே சாப்பிட்டும் பரிசோதனை முடிவில் மாற்றம் இல்லை. பதினான்கு நாளும் நானே வாய்க்குள் பார்த்தேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வாயத் தொறந்தா பாத்தீங்க? அவ முகத்தப் பாருங்க சார். அந்த மாத்திரை சாப்பிடாம இந்தக் கன்னம் எப்படி வீங்கும்? போன தடவையே எனக்குத் தெரியும், ஒழுங்கா சாப்பிடறான்னு. சில பேருக்கு இந்த மருந்து வேலை செய்யாது. இதுல அவ தப்பு ஒண்ணும் இல்ல."

வாலு அந்த அறைச் சுவரில் இருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழாதது போல. கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

முகம் பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஒரு மாதமாக எதிரில் இருந்த முகம்.

வீட்டில் அவள் கதவைத் தட்டினேன். "நான் தப்பா நினைச்சுட்டேன்" என்றேன்.

"எப்ப?" என்றாள் உள்ளேயிருந்து.

"ரெண்டு தடவையும்."

கதவு திறக்கவில்லை.

ஜூலை 21, செவ்வாய்

நான் சமையலறைப் பக்கமே போகவில்லை. ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அவளாக வந்து எதிரில் நின்றாள். மாத்திரையை விழுங்கினாள். வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கவில்லை, முழு நீளத்துக்கு நீட்டினாள். பழிப்புக் காட்டுகிற நீட்டு. பிறகு பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள்.

மனைவி சிரித்த சத்தம் வாசல் வரை கேட்டது. எத்தனை மாதம் ஆச்சு.

ஜூலை 24, வெள்ளி

தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தோம். வாலு சொன்னபடி, "வயிற்றில் கோளாறு" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஆசிரியைகளின் கழிவறைச் சாவி ஒன்று அவளுக்குக் கிடைத்தது. மற்ற ஐந்துக்கும் தாழ்ப்பாள் போடுவதாகச் சொன்னார். போடுவாரா? வாரம் ஒருமுறை போய்க் கேட்பேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

புது மருந்து. நரம்பு வழியாக இரண்டு மணி நேரம் ஏற்றினார்கள். நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன், சரியாக இறங்குகிறதா என்று. "அப்பா, அது எங்கயும் ஓடிடாது. கொஞ்சம் உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 29, சனி

எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. தராசு பழுதோ என்று நான் ஏறிப் பார்த்தேன். என் எடை அப்படியேதான் இருந்தது.

செப்டம்பர் 17, வியாழன்

பயணி ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். நேற்று மாலை பஸ் வழியில் காரணமில்லாமல் எட்டு நிமிஷம் பெட்ரோல் பங்க்கில் நின்றதாம். அந்தத் தடத்துக்கு விளக்க அறிக்கை எழுத வேண்டியவன் நான்தான்.

காரணம் எனக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து வாலு போன் பண்ணினாள். "அப்பா, வீடு வரைக்கும் தாங்காது." போனை டிரைவரிடம் கொடுக்கச் சொன்னேன். மீசை என்று நாங்கள் கூப்பிடுகிற பழைய ஆள். மறு கேள்வி கேட்காமல், கழிவறை இருக்கிற பங்க்காகப் பார்த்து நிறுத்திவிட்டார். அவள் வந்து ஏறுகிறவரை வண்டியைக் கிளப்பவில்லை.

ஆனால் அறிக்கையில் என்ன எழுதுவது? இன்ஜின் சூடு என்று எழுதலாம். யாரும் கேட்கப்போவதில்லை. மாலையில் அவளிடம் காகிதத்தைக் காட்டினேன்.

"பொய் எழுதினா மீசை அங்கிளுக்குத்தானே பிரச்சனை?"

"வரலாம்."

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "உள்ளத உள்ளபடி எழுதுங்க. பேரையும் போடுங்க."

"உன் பேரா?"

"வியாதி பேரு. என் பேரும்தான்."

எழுதினேன். நோயின் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டேன். அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அடித்துவிட்டு, திருத்தி எழுதினாள்.