எல்லாம் பச்சை

செப்டம்பர் 3

கொதிகலன் கடனுக்கான தவணை திரும்பிவிட்டது. வங்கியிலிருந்து வந்த செய்தியை மருமகள் படித்துக் காட்டினாள். கணக்கில் பணம் போதவில்லையாம். எப்படிப் போதாமல் போகும்? காலையில்தான் எங்கள் சலவைக்கூடத்து மேசையில், பேத்தி செய்து கொடுத்த கணினிப் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் பச்சை.

நாங்கள் வரவு என்று பதிந்தது ஒவ்வொன்றும் வங்கியில் நிஜமாகவே வந்து சேர்ந்ததா என்று கணக்கு மென்பொருள் ஒத்துப் பார்த்து வைக்கும். அதற்கு ஏபிஐ என்று ஒரு சன்னல் உண்டாம். பேத்தி எழுதிய நிரல் தினமும் அந்தச் சன்னலில் போய் நின்று, ஒத்துப்போச்சா என்று கேட்டு வரும். ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. கல்லூரி முடிக்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் அஞ்சாம் வகுப்போடு விட்டதையும் சேர்த்துப் படித்தவள். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் காட்டுவேன். "போன தடவையே காட்டிட்டீங்கம்மா" என்றார் சோப்புக்காரர். காட்டினால் தேய்ந்தா போகும்.

செப்டம்பர் 5

மருமகளிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, குதறினேன். "பச்சைன்னு காட்டுது, பணத்தைக் காணோம். நடுவுல யாரு கை?"

அவள் விரிப்பை மடிப்பதை நிறுத்தவில்லை. "பதியறதுதான் அத்தை என் வேலை. முன்னல்லாம் வங்கி அனுப்புற கணக்குச் சீட்டை வச்சு ஒண்ணொண்ணா டிக் அடிச்சேன். என் பேத்தியோட பக்கம் இருக்கும்போது உனக்கு எதுக்குடி அந்தப் பொழப்புன்னு நிறுத்துனது நீங்கதான்."

நிறுத்தினது நான்தான். அதுக்காக?

செப்டம்பர் 6

சோப்புக்காரர் இனிமேல் கடனுக்குத் தரமாட்டாராம். பெரிய சலவை இயந்திரம் இரண்டும் இன்று ஓடவில்லை.

செப்டம்பர் 8

வங்கிக்குப் போனேன். போனில் பேத்தியின் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அதிகாரி வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அது உங்க பேத்தி சொல்றதும்மா. எங்க கணக்கு வேற சொல்லுது. மாசக் கடைசிக்குள்ள நிலுவையைக் கட்டலைன்னா கொதிகலனை எடுக்க ஆள் வரும்."

என் பேத்தி பொய் சொல்வாளா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கொதிகலன் போனால் கூடமே போச்சு. இத்தனை பேர் வேலை — எங்க போவேன்? யார் கால்ல விழுவேன்? விழுந்து பழக்கமில்லையே.

செப்டம்பர் 9

பேத்திக்குப் போன் போட்டேன். "வந்து உன் மாமி கணக்கைக் கொஞ்சம் பாரு" என்றேன். மருமகள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 11

வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தாள். மாமியை வங்கிச் சீட்டோடு பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நான் மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், எப்போது வெளுக்கும் என்று. வெளுத்தது பேத்தியின் முகம்.

"மாமி, மாசத்துக்கு எத்தனை வரவு பதியறீங்க?"

"இப்பல்லாம் நூத்தம்பது இருக்கும். நீ எழுதிக் குடுத்தப்போ அறுபது."

திரையில் வந்திருந்த வரிகளை எண்ணிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அந்தச் சன்னல் ஒரு தடவைக்கு நூறு வரவுதான் குடுக்கும் பாட்டி. மிச்சம் அடுத்த பக்கத்துல இருக்கும், திரும்பக் கேட்டு வாங்கணும். நான் கேக்கவே இல்ல."

நூறு வரைக்கும் பார்த்துவிட்டு எல்லாம் பச்சை என்றிருக்கிறது. எங்களிடம் விரிப்பு வெளுக்கப் போடும் விடுதிக்காரன் வரவை நாங்கள் பதிவது மாதக் கடைசியில். எப்போதும் நூறுக்கு அந்தப் பக்கம். அவன் அனுப்பியாச்சு என்று ஒரு ரசீது அனுப்புவான், மருமகள் பதிவாள். நாலு மாதமாக ஒரு காசு வந்து சேரவில்லை. இருக்கிறதிலேயே பெரிய வாடிக்கை.

"மொத மாசமே நான் டிக் அடிச்சிருந்தா..." என்று தொடங்கிய மருமகள், பேத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 12

விடுதி பூட்டிக் கிடக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே எங்கள் கூடைகள் தெரிகின்றன. "நீங்களுமா? உங்களுக்கு முன்னாடி காய்கறிக்காரர், பால்காரர், மின்சார வேலைக்காரர் எல்லாம் வந்து பூட்டை ஆட்டிப் பாத்துட்டாங்கம்மா" என்றார் காவலாளி. நானும் ஆட்டிப் பார்த்தேன்.

செப்டம்பர் 13

பேத்தி சாப்பிடவில்லை. இனிமேல் நிரல் ஒரு வரிகூட எழுதமாட்டாளாம். என்ன சொல்லித் தேற்றுவது? ஊர் பூரா காட்டுனது நான். அவளா காட்டச் சொன்னா?

செப்டம்பர் 14

மருமகளும் நானும் ஒரே அறையில்தான் நாள் முழுக்க. என் தப்புதான் என்று ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை. வாய் வரைக்கும் வருகிறது.

செப்டம்பர் 26

பெரிய இயந்திரம் இரண்டையும் விற்றோம். நிலுவை கட்டியாயிற்று, கொதிகலன் தங்கிற்று. பாதிப் பேரை வேலையிலிருந்து அனுப்பினேன். இஸ்திரி போடுகிறவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கங்கம்மா" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தா தேவலையா இருந்திருக்கும்.

அக்டோபர் 7

பேத்தி இன்னும் ஊருக்குப் போகவில்லை. நிரலைத் திருத்திவிட்டாள், இப்போது கடைசிப் பக்கம் தீரும்வரை கேட்கிறது. அவள் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிக்க, மருமகள் வங்கிச் சீட்டில் டிக் அடிக்கிறாள்.

சோப்புக்காரர் வந்தார். "இன்னிக்கு ஒண்ணும் காட்டலையாம்மா?" என்று சிரித்தார்.

"மருமக பாத்து முடிக்கட்டும்" என்றேன்.

மருமகள் நிமிர்ந்தாள். "ரெண்டு சிவப்பு இருக்கு அத்தை. ரெண்டு பேருக்கும் போன் பண்ணிட்டேன்."

ரொக்கம் கொடுத்து ஒரு மூட்டை சோப்பு வாங்கினேன். பெட்டிமேல் உட்கார்ந்து பிரித்தேன். என் நாற்காலியில் மருமகள் இருக்கிறாள். காலையில் நான்தான் அவளுக்கு இழுத்துப் போட்டேன்.