ஜெனி ஊரில் இல்லாத நான்கு வாரம்

உன் போனை இன்றைக்கும் சார்ஜில் போட்டேன். மூலையில் விரிசல் விட்ட அதே போன். சிம் எப்போதோ செத்துவிட்டது. வாரம் ஒரு தடவை சார்ஜ் போடுவதை மட்டும் நான் விடவில்லை. எதற்கென்று என் வீட்டுக்காரர் கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

அமீரகத்து அல் ஐனில் உன் வீடு மூன்றாவது மாடி, என் வீடு இரண்டாவது. நீ தூத்துக்குடி நர்ஸ், நான் கோயம்புத்தூர் கணக்கு டீச்சர். நீயும் உன் மகள் ஜெனியும் மட்டுமே இருந்த அந்த வீட்டிலிருந்து உன் ஏச்சு படியிறங்கி என் அடுப்படி வரைக்கும் வரும். "மூதி, தலையில எண்ணெய் வச்சியா? டிபன் பாக்ஸக் கழுவுனியா?" பாசத்தை நீ வேறு விதமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் இரட்டை நகரத் திட்டத்தில் ஜெனிக்கு இடம் கிடைத்தது. பிரான்சில் நம் ஊருக்கு இணையாகச் சேர்த்த ஒரு சிற்றூரில் நான்கு வாரம். ஜெனி போய்த் தங்கும் வீட்டுப் பெண் இங்கே வந்து உன் வீட்டில் தங்குவாள். இந்தப் பக்கம் வீடு இல்லையென்றால் அந்தப் பக்கம் இடமும் இல்லை. புறப்பட ஆறு நாள் இருக்கும்போது உன் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. புற்று ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. நர்ஸ் அல்லவா, யாரும் உனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "ஏட்டி, வார பிள்ளைய நீ வச்சுக்க. ஜெனிட்ட மூச்சு விடாத. அவ ஒழுங்கா முடிச்சிட்டு வரட்டும்." தலையாட்டினேன். யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

டியூட்டி நேரம் மாறிவிட்டதென்று எல்லோரிடமும் சொன்னாய், ஜெனியிடமும். அவள் கிளம்பியதும் அவள் கட்டிலைக் கழற்றி என் வீட்டுக்கு இறக்கினோம். அந்த பிரெஞ்சுப் பெண் கிளாரா வந்தாள். இட்லியை ஜாம் தொட்டுச் சாப்பிட்டாள். பகலில் அவளைப் பேரீச்சந்தோப்புக்குக் கூட்டிப்போவேன், மாலையில் நீ படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வருவேன். ஜெனி கூப்பிட்டால், "வீடியோ மாஃபி, கிடையாது, நெட் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, குரலை மட்டும் வைத்து ஏசித் தீர்ப்பாய். மூன்றாவது வாரக் கடைசியில் அதற்கும் மூச்சு இல்லை. போனை என் கையில் கொடுத்தாய்.

அதன்பின் ஜெனிக்கு நீயாக நான் எழுதினேன். டியூட்டி அதிகம், பேச முடியவில்லை, பத்திரமாக இரு. வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நீ போனாய். பதினொரு மணிக்கு "சாப்பிட்டியா கண்ணு?" என்று அனுப்பினேன். இதயம் ஒன்று திரும்பி வந்தது. வீட்டுக்குப் போய்க் கிளாராவுக்கு இட்லி வைத்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை சரியாக வரவில்லை.

சனிக்கிழமை ஏர்போர்ட்டில் ஜெனி உன்னைத் தேடவில்லை. "வண்டி எங்க ஆன்ட்டி?" என்றுதான் கேட்டாள். காரில் ஏறியதும் சொன்னேன். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, சரி என்றாள். அவள் விசா உன் பெயரில் இருந்தது. அதனால் தூத்துக்குடியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். உன் பெயரில் நான் எழுதியதற்காக என்னை வெறுக்கிறாள் என்றே இருந்தேன். கேட்கப் பயம்.

போன ஞாயிறு அவளே கூப்பிட்டாள். காலேஜ், ஹாஸ்டல் என்று என்னென்னவோ பேசிவிட்டு, "அந்தக் கடைசி வாரம் மெசேஜ் போட்டது நீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

"எப்படி கண்ணு?"

"ஒரு வாரமா அம்மா என்னை ஏசவே இல்ல."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றேன்.

"கேக்காத வரைக்கும் அம்மா இருந்தாங்கல்ல."

நாம்தான் அவளிடம் மறைத்தோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னபடி, ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

இன்று உன் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க, என் போனை எடுத்து அவளுக்கு எழுதினேன்: "மூதி, தலையில எண்ணெய் வச்சியா?" கோயம்புத்தூர்க்காரி நான், 'மூதி' என்று அதுவரை யாரையும் ஏசியதில்லை. அனுப்பிவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "இன்னும் நல்லா ஏசணும் ஆன்ட்டி."

உன் அளவுக்கு எனக்கு வராது. தினமும் ஒன்று அனுப்பிப் பார்க்கிறேன்.